சிக்னல் ஒளியை முந்தினால் முதலில் கேபிளைப் பார்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக் தோட்டப் பக்கமிருந்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் டெஸ்டிங் வேலைக்குப் போகும் தம்பி தங்கச்சிகளுக்கு:

1. ஒரு நேனோ வினாடியில் ஒளி 30 செ.மீ. போகும். மேசையில் கிடக்கும் ஆர்ஜி-58 கேபிளில் சிக்னல் 20 செ.மீ.தான் போகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இவை வாயில் வரவேண்டும்.

2. உள்ளே கொடுக்கும் முன்பே சிக்னல் வெளியே வந்துவிட்டதாக ஸ்கோப் ஒருநாள் காட்டும். ஐன்ஸ்டைனை இழுக்காதீர்கள். உள்ளீட்டுப் பக்கக் கேபிள் ஒரு மீட்டர் கூடுதல் நீளமாக இருந்தாலே 5 நேனோ வினாடி பின்தங்கும். ஒரே சிக்னலை இரண்டு சேனலுக்கும் கொடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் டிஸ்கியூ செய்து, அதாவது அந்த நேர வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிட்டு, அளவெடுங்கள்.

3. இதே வம்பு பெரிய இடத்திலும் நடந்தது. செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ ஆய்வகத்துக்கு நியூட்ரினோ துகள்கள் ஒளியைவிட 60 நேனோ வினாடி முந்தி வந்ததாக ஓப்பெரா குழு 2011 செப்டம்பரில் அறிவித்தது. மறு ஆண்டு பார்த்தால், ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிளின் இணைப்பு சரியாக முறுக்கப்படவில்லை. அதனால் மட்டும் 73 நேனோ வினாடி பிசகு. கடிகாரப் பிழை ஒன்று எதிர்ப்பக்கம் கொஞ்சம் இழுத்திருந்தது. என்றாலும் அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. விடை கண்ணைப் பறித்தபோதும் மறைக்காமல், மற்றவர்களையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள்.

4. வேவ்கைடு வேலை வந்தால் குழம்புவீர்கள். அந்த உலோகக் குழாய்க்குள் அலைநீளத்தை அளந்து அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒளியைத் தாண்டிய எண் வரும். அது பிழையில்லை, முகடு நகரும் வேகம். சேதி அந்த வேகத்தில் போகாது. புக்கிட் மெலாவத்தியில் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வினாடிக்கு ஒரு சுற்று என்று வைத்தால், நிலாவுக்கும் அப்பால் ஐந்து லட்சம் கி.மீ. தூரத்துச் சுவரில் அதன் ஒளிப்பொட்டு ஒளியைவிட வேகமாக நகரும். சுவரின் இந்த மூலையில் நிற்பவன் அந்த மூலைக்கு எதையும் அனுப்பிவிடவில்லையே! குழாய்க்குள் வேகக் கணக்கே வேறு; ஆகவே நெட்வொர்க் அனலைசரில் கோஆக்ஸ் அமைப்பை வைத்துக்கொண்டு வேவ்கைடை அளக்காதீர்கள்.

5. ஒளியை முந்தும் துகள்கள் பற்றி 1962-இலேயே கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் கோட்டயத்தில் பிறந்த இ.சி.ஜி. சுதர்சன், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். படியுங்கள், சுவையானது. துகள் இதுவரை யார் கையிலும் சிக்கவில்லை.

6. கனெக்டருக்கு டார்க் ரெஞ்ச் போடுங்கள், கைக்கணக்கு வேண்டாம். கேபிள் மாற்றினால் அதன் நீளத்தை லாக் புத்தகத்தில் எழுதிவிட்டு ஷிஃப்ட் முடியுங்கள்.