ஏற்றத்தில் இழுக்காத வண்டி: டர்போவைக் கழற்றும் முன் சோலினாய்டைப் பாருங்கள்

மூணாறிலிருந்து தேவிகுளம் ஏறும்போது மூன்றாம் கியரில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென்று திணறுகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் பிக்கப் இல்லை. எஞ்சின் விளக்கு எரிகிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் சரியாக ஓடுகிறது. அடுத்த ஏற்றத்தில் திரும்பவும் அதே திணறல். ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் பல இடங்களில் வரும் முதல் பதில், "டர்போ போயிருச்சு" என்பதுதான். டர்போ மாற்றுவது பெரிய செலவு. அதற்குத் தலையாட்டும் முன், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன வால்வைச் சோதித்துவிடுங்கள்.

டர்போவைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை. அதில் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் கதவுதான் வேஸ்ட்கேட். கதவை அசைக்கும் தண்டு, ஆக்சுவேட்டர் என்ற வட்ட டப்பாவிலிருந்து வருகிறது. டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வும் ஸ்பிரிங்கும் உண்டு. டர்போ தரும் அழுத்தம் சவ்வைத் தள்ளினால் கதவு திறக்கும். எவ்வளவு அழுத்தம் சவ்வுக்குப் போகலாம் என்பதை, எஞ்சின் கணினியான ஈசியூ சொல்கிறபடி நொடிக்குப் பல முறை திறந்து மூடித் தீர்மானிப்பது சோலினாய்டு என்ற அந்தச் சின்ன வால்வு. பெரும்பாலான பெட்ரோல் டர்போ வண்டிகளில் சோலினாய்டு செத்துப்போனால் அழுத்தம் முழுவதும் நேராக ஆக்சுவேட்டருக்குப் போய், கதவு சீக்கிரமே திறந்துவிடும். எஞ்சின் தப்பிக்கும், இழுவை போய்விடும். பல டீசல் வண்டிகளில் அழுத்தத்துக்குப் பதில் வேக்குவம் பம்பிலிருந்து வரும் வெற்றிடம் இதே வேலையைச் செய்கிறது.

இந்தக் கோளாறு தேனியில் தெரியாமல் தேவிகுளத்தில் தெரிவதற்குக் காரணம் உண்டு. நம் தேவிகுளம் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை டர்போ ஈடுகட்ட வேண்டும் என்றால் ஈசியூ வேஸ்ட்கேட்டை அதிக நேரம் மூடிவைக்கும்படி சோலினாய்டை விரட்டும். சமவெளியில் அரைகுறையாக வேலை செய்து சமாளித்த வால்வு, இங்கே வந்ததும் தோற்றுவிடும். உயரத்தில் டர்போவின் அருமையை ஒரு மலையுச்சியிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். 1918-ல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், விமானங்களுக்கான லிபர்ட்டி எஞ்சினைக் கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்கு ஏற்றிச்சென்று, சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் ஓட்டிப் பார்த்தார். டர்போ இல்லாமல் வெகுவாக இறங்கிய குதிரைசக்தி, டர்போ பூட்டியதும் தரைமட்ட அளவுக்குத் திரும்பியது.

முதலில் ஸ்கேனர். போனோடு புளூடூத்தில் இணையும் சிறிய ஓபிடி கருவியே போதும். பி 0243 முதல் பி 0246 வரை எந்த எரர் கோடு வந்தாலும் வேஸ்ட்கேட் சோலினாய்டு அல்லது அதன் வயரிங் பக்கம் பாருங்கள். பி 0299 என்றால் அழுத்தம் குறைவு, பி 0234 என்றால் அதிகம். கடைசி இரண்டும் சோலினாய்டைத்தான் குற்றம் சொல்கின்றன என்று எண்ணிவிட வேண்டாம். கிழிந்த ஹோஸும் அதே கோடைத்தான் தரும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டும் அளவையும் பாருங்கள். தேவிகுளத்தில் அது 82 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும், போடியில் 97-ஐ ஒட்டி. இணையத்தில் 100 என்று படித்துவிட்டு, 82 காட்டுகிறதே என்று நல்ல சென்சாரை மாற்றிவிடாதீர்கள்.

அடுத்தது ஹோஸ்கள். இதில் அவசரம் கூடாது. என் அனுபவத்தில் சோலினாய்டைவிட ஹோஸே அதிகம் ஏமாற்றும். சனவரி உறைபனியும் எஞ்சின் சூடும் மாறிமாறித் தாக்கி ரப்பர் இறுகி, முனையில் மயிரிழை போல வெடித்திருக்கும். மழைக்காலத்தில் கதகதப்புக்காக பானெட்டுக்குள் ஏறும் எலி கடித்திருக்கும். ஒவ்வொரு ஹோஸையும் விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது. ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தக் குழாய் கழன்றிருந்தால் கதவு திறக்கவே திறக்காது, அழுத்தம் எல்லை மீறும். அந்த நிலையில் வண்டியை ஏற்றத்தில் விரட்டக் கூடாது. வேக்குவம் வகை சோலினாய்டு சிலவற்றில் காற்று உள்ளே வர ஒரு குட்டி ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். சாலைப் புழுதியில் அது அடைத்துக்கொண்டாலும் இதே தொல்லைதான்.

ஹோஸ் நன்றாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரால் சோலினாய்டின் இரு பின்களுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். பல வண்டிகளில் 15 முதல் 35 ஓம் வரை இருக்கும். சரியான எண்ணை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவிலி காட்டினால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. அளவு சரியாக இருந்தும் சந்தேகமென்றால், 12 வோல்ட்டை ஒரு நொடி மட்டும் தொட்டுக் காட்டுங்கள். டிக் என்ற சத்தம் வர வேண்டும். கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இந்த ஈரத்தில் அது சகஜம்.

மாற்றுவது என்று முடிவானால் சமதளம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஹேண்ட்பிரேக்கோடு சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். டர்போ பக்கம் கை வைப்பதால் எஞ்சின் முழுக்க ஆறட்டும். பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பிறகு, எதையும் தொடும் முன், நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு ஹோஸுக்கும் அது பொருந்தும் வாய்க்கும் ஒரே நிற டேப் ஒட்டுங்கள். சோலினாய்டின் மூன்று வாய்களும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இரண்டு இடம் மாறினாலும் புதிய சோலினாய்டு போட்டும் பழைய நோயே தொடரும். இறுகிய ஹோஸை இழுக்காதீர்கள், திருகி அசைத்துக் கழற்றுங்கள். சோலினாய்டின் பிளாஸ்டிக் வாய் எளிதில் முறியும். மீதி வேலை ஒன்றிரண்டு போல்ட்டுதான்.

புதியதை ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வேறு மாடல் வால்வுக்குள் காற்று வழி மாறியிருக்கலாம். ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது, எண்ணெயையும் சூட்டையும் தாங்கும் ரகமாக. மீன்தொட்டிக் குழாய் ஒரு மாதம்கூடத் தாங்காது.

பூட்டி முடித்ததும் ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வேக்குவம் வகை வண்டிகளில் பிரேக் பூஸ்டரும் அதே பம்பிலிருந்து வெற்றிடம் எடுக்கிறது. ஹோஸ் சரியாக உட்காராவிட்டால் பிரேக் பெடல் கல்லாக இறுகலாம். எனவே கேப் ரோடு இறக்கத்துக்கோ போடிமெட்டு வளைவுகளுக்கோ போகும் முன், நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை மிதித்துப் பாருங்கள். பிறகு மூணாறு இறங்கி, தேவிகுளம் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் வாருங்கள். போன் திரையில் மேப் சென்சார் அளவைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

நீலப் புகை, சைரன் போன்ற ஊளை, இன்டர்கூலர் குழாயில் வழியும் ஆயில் ஆகியவை இருந்தால் கோளாறு டர்போவிலேயே இருக்கலாம், மெக்கானிக்கிடம் விடுங்கள். வாரண்டி உள்ள வண்டியையும், மோட்டாரால் இயங்கும் வேஸ்ட்கேட் உள்ள புதிய மாடல்களையும் வீட்டில் தொட வேண்டாம். அந்த மோட்டார் வகையில் புதிய பாகத்துக்குக் கம்பெனி ஸ்கேனரில் அளவு சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். ஹோஸும் வால்வும் மாற்றிய பிறகும் பி 0299 திரும்ப வந்தால், ஆக்சுவேட்டர் தண்டு துருவேறி இறுகியிருக்கிறதா என்று கைப்பம்பு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.