கல்லுக்கு முன் நோட்டு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நேற்று ராத்திரி உன் அம்மா போன் செய்தாள். அழவில்லை, ஆனால் குரல் அடைத்திருந்தது. மழையோடு மழையாக மயிலம் சாலையில் வண்டியில் போய், முழங்கால் வரை சேற்றோடு இருட்டின பிறகு வந்தாயாம். பையில் கல், கட்டிலுக்கு அடியில் கல், இப்போது புதிதாக ஒரு சுத்தியல் வேறு. பன்னிரண்டு பேர் சேர்ந்து புதைபடிவக் கல் தேடும் மன்றம் தொடங்கியிருக்கிறீர்கள், பொங்கல் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளை வழுதாவூர்ப் பக்கம் கூட்டிப் போகப் போகிறீர்கள், எந்தக் கல்லை யார் எடுத்தாலும் எடுத்தவருக்கே சொந்தம் என்று பேசி வைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னாள்.

உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. மன்றத்தை எப்படி நடத்துவது என்பது உங்கள் பாடு. ஆனால் அதற்கு முன் மாமா சொல்வதை ஒரு முறை முழுதாகப் படி.

கல் தேடுவது படித்த பெரிய விஞ்ஞானிகளின் வேலை, உனக்கு எதற்கு என்று அம்மா கேட்கிறாள். அது சரியில்லை என்று அவளிடமே சொன்னேன். நம் ஊர்க் கல்லை உலகத்துக்குக் காட்டியவர்களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு பேர் மதராஸ் கம்பெனி சர்க்காரில் சிவில் உத்தியோகம் பார்த்தவர்கள். கல் அவர்கள் தொழில் இல்லை. அவர்கள் சேர்த்ததெல்லாம் கப்பல் ஏறி லண்டன் போயிற்று. அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் நம் மண் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியில் இருந்தது என்று அப்போது உலகம் தெரிந்துகொண்டது. இது புதுச்சேரி, இது விருத்தாசலம், இது திருச்சிராப்பள்ளி என்று இடம்வாரியாக விவரம் இருந்ததால்தான் அவரால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது. மூன்று ஊர்க் கல்லையும் ஒரே சாக்கில் கொட்டி அனுப்பியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்?

இந்த இடத்தில்தான் மாமாவுக்கு மனம் அடித்துக்கொள்கிறது. தாத்தாவின் பிஸ்கட் டப்பாக்கள் உனக்குத் தெரியும். எங்கே கிணறு வெட்டினாலும் அங்கே போய் நிற்பார், வாளியில் மண்ணோடு வரும் சிப்பியையும் சுருள் கல்லையும் கழுவிக் கொண்டுவருவார். அதில் ஒன்றை ஆயா சாளக்கிராமம் என்று பூஜையறையில் வைத்தாள். அவள் சொன்னதிலும் உண்மை இருந்தது, கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் இதே அம்மோனைட் இனம்தான். தாத்தா போன பிறகு டப்பாக்களை நான் ஒரு கல்லூரியில் கொடுத்தேன். அதுவரைக்கும் உனக்குத் தெரியும். மீதியை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வாங்கிக்கொண்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதெல்லாம் எந்த ஊர், எத்தனை அடி ஆழம்?" எனக்குத் தெரியவில்லை. தாத்தா ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்துப் போய்க் கேட்டேன். கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது ஒதுக்கிப் போட்டுவிட்டார்களாம். ஒரு மனிதர் முப்பது வருஷம் வெயிலில் நின்று சேர்த்தது! அவர்கள் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருந்தால் அவர்களுக்கு அதைத் தூக்கிப்போட மனம் வந்திருக்காது என்பதுதான் அதைவிட அதிகமாகச் சுடுகிறது. அம்மா அந்த டப்பாக்களைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

இப்போது உன் கல்லுக்கு வருகிறேன். வழுதாவூருக்கும் கரசூருக்கும் வண்டியில் எவ்வளவு நேரம்? வழுதாவூர்ப் பாறைப் படிவம் டைனோசர்கள் உலவிய கடைசிக் காலத்துக் கடல். கரசூர்ப் படிவம் அவை அழிந்த பிறகு வந்த கடல். 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய அந்தப் பேரழிவு இந்த இரண்டு ஊர்ப் பெயருக்கும் நடுவில் இருக்கிறது. உன் பையில் இரண்டும் கலந்து கிடக்கிறதே பாப்பா, எது எந்தப் பக்கம் என்று இப்போது உன்னால் சொல்ல முடியுமா?

எழுதி வைப்பது எதற்கு என்று தெரிய, அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் நடந்ததைப் பார். யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் 1980களில் விவரித்து எழுதிய பிரம்மாண்ட டைனோசர் எலும்புகள் மழைக்காலத்தில் நொறுங்கிப் போய்விட்டன. இன்றைக்கு உலகம் அவற்றைப் பற்றி வாதாடுவது அவர்கள் எழுதியதையும் எடுத்த படங்களையும் வைத்துத்தான்.

அப்படியே மத்தியப் பிரதேசத்தையும் பார். தார் மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர் விஷால் வர்மா பல வருஷமாக டைனோசர் முட்டைகளைத் தேடி அலைந்தவர். நர்மதைப் பள்ளத்தாக்கில் 92 கூடுகள், 256 முட்டைகள் என்று 2023இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் பேராசிரியர்கள் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. எந்த முட்டை எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்ததால்தான் அது கூடு. ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் வெறும் உருண்டைக் கல்.

திருவக்கரையிலிருந்து எடுத்த கல்மரத் துண்டு ஒன்றும் உன்னிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வக்கிராசுரனின் எலும்பு என்று ஊர் நம்பினாலும், 2 கோடி ஆண்டு மரம் என்று புத்தகம் சொன்னாலும், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் உள்ள இடம் அது. ஒரு சில்லைக்கூட அங்கிருந்து எடுக்கக் கூடாது. திரும்பக் கொண்டுபோய் அவர்கள் அலுவலகத்தில் ஒப்படை. நானும் கூட வருகிறேன், பயப்படாதே.

ஆக, எடுத்தவருக்கே சொந்தம் என்றும் மன்றம் நடத்தலாம். இல்லையென்றால் முதலில் படம், ஊர், ஆழம், தேதி, எண் என்று எழுதி, நிலத்துக்காரரிடம் கேட்டு, புவியியல் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டும் நடத்தலாம். எது வேண்டும் என்று நீயே யோசி. முதல் வழியில் போனால் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதே, அவ்வளவுதான். எப்படியானாலும் மழை விடும்வரை கிணற்றோரம் நிற்க வேண்டாம், கரை சரியும்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? இந்தக் குடும்பத்தில் தாத்தாவின் கண் உனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், எங்கோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் பட்டாளம் பன்னிரண்டையும் இங்கே கூட்டி வா. அத்தை இறால் குழம்பு வைக்கிறேன் என்கிறாள். பன்னிரண்டு நோட்டும், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆயா பூஜையில் வைத்திருந்த அந்தச் சுருள் கல் மட்டும் டப்பாவோடு போகவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. அது உனக்கு. எந்தக் கிணற்றில் எடுத்தது என்றுதான் தெரியவில்லை.

அன்புடன்,
மாமா