சூரனுக்கு எத்தனை முகம்? கொஞ்சம் பாடமா படிக்கலாம் வாங்க



சஷ்டி வந்தாலே போதும், சூரபத்மன்னு பேர் போட்டு ஒரு படம் குரூப்புக்கு குரூப் சுத்தும். ரெண்டு கொம்பு, வௌவால் இறக்கை, வாயில நெருப்பு. பார்க்க மிரட்டலாத்தான் இருக்கு. ஆனா அது வீடியோ கேம்ல வர்ற டிராகன், நம்ம சூரன் இல்லை. நம்ம கதையில இருக்கிற உருவங்கள் இதைவிட விநோதமானவை.

கச்சியப்ப சிவாச்சாரியார் எழுதிய கந்தபுராணத்தில், 10,000 பாட்டுக்கு மேல இருக்கிற அந்த நூலில், பிறப்பே உருவ மாற்றத்தோடதான் ஆரம்பிக்குது. மாயையும் காசிபரும் மனித வடிவில் இருந்தபோது சூரபத்மன் பிறந்தான். சிங்க வடிவெடுத்தபோது சிங்கமுகன், யானை வடிவில் தாரகன், ஆட்டு வடிவில் அசமுகி. கிரௌஞ்ச மலைகூட வெறும் மலை கிடையாது. அகத்தியர் சாபத்தால் மலையாகவே நின்றுவிட்ட ஒரு அசுரன் அது.

திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். அங்கே தலையை மாத்தி மாத்தி வச்சுதான் கதையே நடக்குது. முதலில் யானை முகத்தோடு தாரகன் வருவான், அடுத்து சிங்கமுகன், அப்புறம் சூரனுடைய சொந்த முகம், கடைசியில் மாமரம். லட்சக்கணக்கான ஜனம் அரோகரா சொல்லிக்கிட்டே பார்க்கிற நாடகம் அது. கிராபிக்ஸ் எதுவும் கிடையாது. 1967-ல் வந்த 'கந்தன் கருணை' படத்தில் அசோகன் சூரனா நடிச்சப்போகூட, ஜனங்க அந்தக் கதையை ஏற்கெனவே கோயில் வீதியில் பார்த்துப் பழகியவங்கதான்.

இன்னும் பழசுக்குப் போனா வேற முகம் வரும். கந்தபுராணத்துக்குப் பல நூற்றாண்டு முந்திய திருமுருகாற்றுப்படையில் சூரன் இரண்டு பெரிய உருவம் சேர்ந்த ஓர் உடம்புக்காரன். பழைய உரை அதைக் குதிரை முகமும் மனித உடம்பும்னு விளக்குது. மாமரத்தை வெட்டினதும் அந்த நூலில் உண்டு, ஆனா மரம் பிளந்து மயிலும் சேவலும் ஆன கதை அங்கே இல்லை. 'அப்போ எது உண்மை'ன்னு சண்டை போட வேண்டாம். ஒவ்வொரு காலமும் சூரனை ஒவ்வொரு மாதிரி கண்ணால் பார்த்திருக்கு, அவ்வளவுதான்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். போரில் சூரன் சக்கரவாகப் பறவையாகி வானத்தில் சுத்துறான், இன்னும் என்னென்னமோ ஆகுறான், இருளாகக்கூட வர்றான். நடுவில் முருகன் விசுவரூபம் காட்டுறார். அதைப் பார்த்த சூரன் அசந்து போய், சண்டைக்கு வந்த அதே வாயால் புகழ்கிறான்! அந்த உருவம் மறைஞ்சதும் பழைய கோபம் திரும்பிடுது. கடைசியில் கடல் நடுவில் மாமரமா நிற்கிறான், வேல் பிளக்குது. பிளந்த ரெண்டு பாதியும் மயிலும் சேவலுமாகி, திரும்பவும் சண்டைக்குத்தான் பாயுது. முருகன் பார்த்த ஒரு பார்வையில் அடங்குது.

கேம்ல மான்ஸ்டர் செத்தா மறைஞ்சு போயிடும், நமக்கு பாயின்ட் ஏறும். கிரேக்கக் கதையிலும் மெடூசாவின் தலையை வெட்டி, அதைக் கடைசியில் அதீனா தேவியின் கேடயத்தில் பதிச்சாங்க. அந்தத் தலை அங்கேயும் எதிரியைப் பயமுறுத்தத்தான். இங்கே எதிரி உயிரோடு கூடவே இருக்கான், வாகனமா, கொடியா. அதனால 'சூரனை ஒழிச்சாச்சு'ன்னு ஸ்டேட்டஸ் போடுறது எனக்குச் சரியாப் படலை. மயிலைக் கும்பிடும்போது நாம யாரைக் கும்பிடுறோம்?

ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரியாது. கந்தபுராணத்தில் முருகனுக்கு இரண்டு மயில். சூரன் பறவையாகிப் பறந்தபோது இந்திரன் மயிலாகி வந்து முருகனைச் சுமந்தான். போர் முடிஞ்சதும் முருகன் தேவராஜனான அந்த மயிலை விட்டு இறங்கி, சூரனா இருந்த மயில் மேல ஏறினார்.

அடுத்த சஷ்டிக்குப் படம் அனுப்புறவங்க, கொம்பு இறக்கை எல்லாம் எடுத்துட்டு அந்தக் காட்சியை வரைஞ்சு அனுப்புங்க.