மழை வருவதற்குள் மோட்டாரைத் தயார் செய்

காசிமேடு, சென்னை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. ஐயப்பன்தாங்கலில் உங்கள் தெருப் பிள்ளைகள் காசு சேர்த்து, வெள்ளத்துக்கென்று ஒரு பைபர் படகும் அதன் பின்புறம் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் ஓ.பி.எம். மோட்டாரும் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். மனசு நிறைந்துபோனது. கயிறு இழுத்தால் கிளம்புகிறது, சில நிமிஷத்தில் திணறி நின்றுவிடுகிறது என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன், மோட்டார் பக்கத்திலேயே இதை வைத்துக்கொள்.

முதல் வார்த்தை இதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பிளக்கை மாற்றி, கார்பரேட்டரைப் பிரித்து, எல்லாத் திருகையும் ஒரே நாளில் திருப்பினால், கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. திரும்பி வந்தால் எங்கே தேடுவதென்றும் தெரியாது. ஒரு நோட்டுப் போடு. செய்ததையும், அதற்கு மோட்டார் காட்டிய மாற்றத்தையும் அன்றன்றைக்கே எழுது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காசு செலவில்லாததைப் பார். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் திருகு இருக்கும். அது மூடியிருந்தால் மோட்டார் நன்றாகக் கிளம்பும். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வழியில்லாமல் அது வருவது நிற்கும், மோட்டாரும் நிற்கும். நீ சொன்ன கோளாறு அப்படியே இதற்குப் பொருந்துகிறது. அடுத்து, குழாய் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பு. அதன் அம்புக்குறி மோட்டார் பக்கம் இருக்கவேண்டும். அமுக்கினால் கொஞ்ச நேரத்தில் கல் மாதிரி இறுகவேண்டும். இறுகாவிட்டால் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. மோட்டார் திணறும்போது பல்பை அமுக்கிப் பார். உயிர் பிடித்துக்கொண்டால் பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பழைய பெட்ரோலை நம்பாதே. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்; அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய மோட்டாரின் ரப்பர் குழாய்களையும் அது அரிக்கும். கார்பரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி, வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடி. அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அது தண்ணீர். டேங்கைக் காலி செய்து கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்று. பெட்ரோலில் கலக்கும் டூ டி ஆயில் அளவு மோட்டாரின் புத்தகத்தில் இருக்கும். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. கூடுதல் ஊற்றினால் பிளக் கரி பிடிக்கும். குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்பரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்தாதே, துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்றால் ஊது.

அதற்குமேல் பிளக். இரண்டு சிலிண்டர் பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒன்று காப்பி நிறமாகவும் இன்னொன்று ஈரக் கறுப்பாகவும் இருந்தால் கறுத்த பிளக்கின் சிலிண்டர் எரியவில்லை. பொறியே வராவிட்டால் காயிலைக் குறை சொல்லுமுன் கில் சுவிட்சின் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பார். பிளக் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன் மீட்டரும் வைத்துவிடு. இரண்டு சிலிண்டருக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் கார்பரேட்டரோடு மல்லுக்கட்டுவது வீண். அப்படியே மூடி என்னிடம் கொண்டுவா.

தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஒரு நொடிகூட ஓட்டாதே. உள்ளே தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் இருக்கிறது, காய்ந்து ஓடினால் கருகிவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் அடிப்பகுதி மூழ்க வைத்து, திறந்தவெளியில் ஓட்டு. பக்கத்துளையில் தண்ணீர் பீய்ச்சவேண்டும். பீய்ச்சாவிட்டால் உடனே நிறுத்து; துளையில் குளவி கூடு கட்டியிருக்கலாம், இம்பெல்லர் செத்திருக்கலாம். பல வருஷம் சும்மா கிடந்த மோட்டாருக்குப் புது இம்பெல்லர் போடுவதே நல்லது. கியர் ஆயிலையும் பார். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்தபோது, முகலிவாக்கம், மணப்பாக்கம் பக்கம் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. நம் மீனவர்கள் படகுகளோடு ஊருக்குள் வந்து ஜனங்களைக் கரை சேர்த்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் மீனவர்கள் லாரியில் படகேற்றி உள்நாட்டுக்குப் போனார்கள். அவர்கள் மோட்டார் தினமும் கடலில் ஓடியது. அதனால் அன்றைக்கும் ஓடியது. உங்களுடையது வருஷம் முழுக்கக் கிடந்து ஒரே நாளில் வேலைக்கு வரவேண்டியது. ஆகவே மாதம் ஒரு தடவை டிரம்மில் ஓட்டு. வேலை முடிந்ததும் பெட்ரோலை அடைத்துவிட்டு, கார்பரேட்டர் காலியாகும்வரை ஓடவிடு.

தெருவெள்ளம் கடல் இல்லை. பிளாஸ்டிக் பை தண்ணீர் இழுக்கும் துளையை அடைக்கும். மூழ்கிய வேகத்தடையும் காம்பவுண்டுச் சுவரும் புரொப்பெல்லரில் இடிக்கும். புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் ஷியர் பின் உடையும். மோட்டார் இரைகிறது, படகு நகரவில்லை என்றால் முதலில் அதைத்தான் பார். மாற்றுப் பின்களும் ஒரு ஜோடி பிளக்கும் படகிலேயே இருக்கட்டும். இரண்டு துடுப்பும் ஒரு நீளக் கம்பும் கட்டாயம்.

டிரம்மில் ஓடியது போதாது, பாரத்தோடு ஓடவேண்டும். போரூர் ஏரியிலும் செம்பரம்பாக்கத்திலும் இறக்கிவிடாதே, அது ஜனங்கள் குடிக்கிற தண்ணீர். ஐப்பசி பிறப்பதற்குள் வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவா. ஆறு பேரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் நானும் உன்கூட ஓட்டிப் பார்க்கிறேன். நிற்காமல் ஓடினால் தெருவில் எல்லோருக்கும் தைரியமாகச் சொல். ஓடாவிட்டால், மோட்டார் தயாரில்லை என்று அதையும் மழைக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடு. உன் படகை நம்பி மாடியில் காத்திருப்பவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ள அவகாசம் வேண்டும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா