கோடையும் மரநிழலும்: ஓசூர் வட்டார நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

ஓசூர் குளிர்ந்த ஊர் என்பது நெடுநாளைய நம்பிக்கை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதே அதற்குக் காரணம். மலைச்சரிவில் இறங்கிக் கிருஷ்ணகிரியை அடைவோர் இரு ஊர்களுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டை உடலாலேயே உணர்வர். அருகிலுள்ள தளியின் தட்பவெப்பத்தை ஆங்கிலேயர் தம் தாய்நாட்டோடு ஒப்பிட்டனர் என்பதை இவ்வட்டார மக்கள் இன்றும் பெருமையுடன் கூறுவதுண்டு.

அந்த நம்பிக்கையை மறுபரிசீலனை செய்யவேண்டிய காலம் வந்துவிட்டது. ஓசூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், அதே பீடபூமியில் அமைந்த பெங்களூரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. 2024 ஏப்ரலிலும் அங்கு வெப்பம் 38 டிகிரியைக் கடந்தது. உயரம் தரும் குளிர்ச்சியை மட்டும் நம்பி இனிக் கோடையைக் கடக்க இயலாது. எஞ்சிய குளிர்ச்சியை நாமே வளர்த்துக் காக்க வேண்டும். நோயுற்றோருக்கு இது அழகு பற்றிய செய்தியன்று. உடல்நலம் பற்றிய செய்தி.

எச்சரிக்கை வராத வெப்பம்

சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரியை எட்டினால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை பற்றிக் கருதத் தொடங்கும். அவ்வாறு எட்டியதோடு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் வெப்ப அலை என அறிவிக்கும். ஓசூரில் 36 அல்லது 37 டிகிரி பதிவாகும் நாளில் அத்தகைய அறிவிப்பு வராமற்போகலாம். ஆயினும் குளிர்ந்த தட்பவெப்பத்திற்குப் பழகிய உடலுக்கு அந்த வெப்பமே பெருஞ்சுமையாகும். எச்சரிக்கை வரவில்லை என்பதனால் ஆபத்து இல்லை என்று பொருளன்று.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதற்கு முன்பே இத்துறையில் வழிகாட்டிய நகரம் அகமதாபாத். 2010 மே மாதம் அங்கு வீசிய வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அந்த இழப்பிற்குப் பின் 2013இல் அந்நகர் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர் பயிற்சி, பொதுமக்களுக்கு விழிப்புணர்வு ஆகியவை அதன் தூண்கள். வெப்பத்தால் நேரும் இறப்பு பெரும்பாலும் தடுக்கத்தக்கது என்பதே அத்திட்டம் தந்த பாடம்.

வெப்பம் நோயாளியை முதலில் தாக்குவது ஏன்?

உடல் இரு வழிகளில் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. தோலை நோக்கி மிகுதியான குருதியை அனுப்பி வெப்பத்தை வெளியேற்றுவது ஒன்று. வியர்வையைச் சுரந்து ஆவியாக்குவது மற்றொன்று. முதல் வழிக்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். இரண்டாம் வழிக்கு உடலில் போதிய நீர் இருக்க வேண்டும்.

இதய நோயுள்ளோருக்கு அந்தக் கூடுதல் உழைப்பே இடராகிறது. நீண்டகால நீரிழிவில் நரம்புகள் பழுதுபட்டால் வியர்வைச் சுரப்பு குன்றும். முதியோருக்குத் தாக உணர்வு மங்கியிருக்கும். நாவறட்சி தெரியுமுன்பே உடல் வறண்டுவிடும். சிறுநீரக நோயாளிகள், கருவுற்றோர், கைக்குழந்தைகள், படுக்கையில் இருப்போர் ஆகியோரும் இவ்வரிசையில் அடங்குவர்.

சில மருந்துகளும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கின்றன. சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள், குருதியழுத்த மருந்துகள் சில, மனநல மருந்துகள் சில ஆகியவை இவ்வகையின. இவற்றைத் தாமாக நிறுத்திவிடுதல் கூடாது. கோடை தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டு, அளவை மாற்ற வேண்டுமா என்று அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வட்டாரத்திற்கே உரிய மற்றொரு பிரிவினரும் உளர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது முதல் ஓசூர் விரைந்து வளர்ந்து, 2019இல் மாநகராட்சியாயிற்று. இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் தொழிலாளர்கள் பகலில்தான் உறங்க வேண்டும். பலருடைய உறைவிடம் தகரம் அல்லது கல்நார்க் கூரையிட்ட ஒற்றை அறை. நண்பகலில் அக்கூரையின் கீழ் உறக்கம் வாராது. உடல் குளிரவும் வழியில்லை. அவர்களுக்கு நீரிழிவோ குருதியழுத்தமோ இருப்பின் நிலைமை மேலும் கடினமாகும். அத்தகையோர் வாழும் தெருவில் மரம் இருக்கிறதா என்பது மருத்துவக் கேள்வியே ஆகும்.

மரம் எவ்வாறு குளிர்விக்கிறது?

தார்ச்சாலை, சிமெண்ட் சுவர், தகரக் கூரை ஆகியவை பகலில் வெயிலை உள்வாங்கி இரவில் வெளிவிடுகின்றன. கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த பாறைக் குன்றுகளும் அவ்வாறே. கட்டடம் நெருங்கிய பகுதிகளில் இரவிலும் புழுக்கம் தணியாததற்கு இதுவே காரணம். இரவில் ஓய்வு பெறாத உடல் மறுநாள் வெயிலைத் தளர்ந்த நிலையில் எதிர்கொள்கிறது.

மரம் இதை இரு வகையில் தடுக்கிறது. முதலாவது நிழல்: கதிர்கள் தரையையும் சுவரையும் தொடுமுன் இலைகள் தடுத்துவிடுகின்றன. இரண்டாவது நீராவிப்போக்கு: வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக வெளியிடுகின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. நம் தோலில் வியர்வை செய்யும் பணியைத் தெருவில் இலைகள் செய்கின்றன எனலாம்.

இதன் அளவை நம் அண்டை நகரமே காட்டியுள்ளது. பெங்களூர்த் தெருக்களில் ஹரிணி நாகேந்திராவும் உடன் ஆய்வாளர்களும் மேற்கொண்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், மரமுள்ள தெருக்களில் பிற்பகல் காற்றின் வெப்பம் மரமற்ற தெருக்களைவிட 5.6 டிகிரி வரை குறைவாக இருந்தது. சாலைப்பரப்பின் வெப்பமோ 27.5 டிகிரி வரை குறைவாக இருந்தது. காற்றில் மிதக்கும் தூசியும் மரமுள்ள தெருக்களில் குறைந்திருந்தது. லாரிப் போக்குவரத்து மிகுந்த ஓசூரில் ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் நோயும் உடையோர்க்கு இச்செய்தி இருமடங்கு பயனுடையது.

கொலம்பியா நாட்டின் மெடலின் நகரில் சாலையோரங்களையும் ஓடைக்கரைகளையும் இணைத்து 30 பசுமை வழித்தடங்கள் அமைக்கப்பட்டன. அவ்விடங்களில் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி தணிந்ததாக அந்நகர நிர்வாகம் தெரிவித்தது. அங்கு மரங்கள் பூங்காவிற்குள் ஒதுங்கி நிற்கவில்லை. மக்கள் நடக்கும் வழியில் நிற்கின்றன. நோயாளிக்குத் தேவைப்படுவதும் அதுவே: வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, நிறுத்தத்திலிருந்து மருத்துவமனை வரை தொடரும் நிழல்.

சாளரத்திற்கு வெளியே ஒரு மரம்

மரத்தின் பயன் வெப்பத்தோடு முடிவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப்பேரின் சாளரம் மரங்களை நோக்கியிருந்தது. மறுபாதியினருடையது செங்கற்சுவரை நோக்கியிருந்தது. மரங்களைக் கண்டோர் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

ஆய்வு சிறியது, மரத்தைப் பார்ப்பது மருந்திற்கு மாற்றாகாது. எனினும் வீட்டில் நெடுநாள் படுத்திருக்கும் நோயாளியின் கட்டிலைச் சுவரை நோக்கியன்றி, வேம்போ முருங்கையோ தெரியும் சாளரத்தை நோக்கித் திருப்பிவைப்பதற்குச் செலவில்லை. அதைச் செய்து பார்க்கலாம்.

இருக்கும் மரத்தைக் காப்பதே முதற்பணி

இன்று நடும் கன்று தெருவிற்கு நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். இன்று வெட்டப்படும் புளியமரத்தின் நிழலோ இன்றே மறைந்துவிடும். ஆகவே நிற்கும் மரங்களைக் காப்பதே முதற்பணி. பொது இடத்திலுள்ள மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவை. தெருவில் ஒரு பெருமரம் அகற்றப்பட இருப்பதாக அறிந்தால், ஒப்புதல் பெறப்பட்டதா என்று கேட்பதற்குக் குடியிருப்போர் தயங்க வேண்டியதில்லை. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசப்பட்டிருந்தால், அதை அகற்றி மழைநீர் இறங்க மண்ணை விட்டுவைக்க வேண்டும்.

ஏரிகளும் இப்பணியில் துணைநிற்பவை. நகரின் நடுவேயுள்ள இராமநாயக்கன் ஏரி போன்ற நீர்நிலைகளும் அவற்றின் கரைமரங்களும் சுற்றுப்புறத்தைத் தணிக்கின்றன. நிலத்தடி நீரைக் காத்து மரவேர்களையும் வாழ்விக்கின்றன.

புதிதாக நடுவோர் கவனிக்க வேண்டியவை:

● வேம்பு, புங்கம், நாவல், இலுப்பை, மகிழம், பூவரசு போன்ற நம் மண்ணின் மரங்களைத் தேர்க. மின்கம்பியின் கீழ் உயர்ந்து வளரும் மரங்களைத் தவிர்க்க.

● விரைவில் பசுமை தரும் எனக் கருதிக் கோனோகார்ப்பஸ் நட வேண்டா. அதன் மகரந்தம் ஒவ்வாமையை உண்டாக்கும் என்ற கவலையால் குஜராத் அரசு 2023இல் அதை நடுவதைத் தடைசெய்தது.

● வீட்டின் மேற்குப் புறத்தில் நடும் மரமே பிற்பகல் வெயிலைத் தடுக்கும். இடம் குறைந்த வீட்டில் பந்தலிட்டு அவரை, பாகல், பீர்க்கு படரவிடலாம்.

● மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு, முதல் இரண்டு கோடைகளில் தவறாது நீர் ஊற்றுக.

● தொட்டிச்செடிகளின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்குக் கொசு பெருகும். வாரம் ஒருமுறையேனும் அந்நீரைக் கொட்டித் தட்டைத் துடைக்க.

தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. குடியிருப்போர் நலச் சங்கங்களும் பள்ளிகளும் கன்றுகளுக்கு வனத்துறையை அணுகலாம்.

மரம் வளரும் வரை

நிழல் வரும் வரை நோயாளி காத்திருக்க இயலாது. இந்தக் கோடைக்கு வேண்டியவை இவை.

நண்பகல் 12 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிர்க்க. மருத்துவமனைச் சந்திப்பைக் காலை வேளையில் கேட்டுப் பெறுக. மொட்டைமாடியிலும் தகரக் கூரையிலும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும், அறை குளிரும்.

தாகம் எடுக்குமுன் நீர் அருந்துக. கேழ்வரகுக் கூழும் நீர்மோரும் நல்லவையே. எனினும் எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. இதயச் செயலிழப்பு உள்ளோரும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிகள் அதைத் தாமாக அருந்துதல் கூடாது. குருதியழுத்தம் உள்ளோர் மோரில் உப்பைக் குறைக்க. நீரிழிவு உள்ளோர் சர்க்கரையிட்ட பழச்சாற்றைத் தவிர்க்க.

இன்சுலினை வெயில்படும் இடத்திலோ நிறுத்திவைத்த வண்டியிலோ வைத்தால் அது ஆற்றல் இழக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாதோர் மண்பானைக்குள் நீர் புகாத சிறு டப்பாவில் வைத்துக் காக்கலாம்.

உடனே உதவி தேவைப்படும் நிலை

மிகுந்த வியர்வை, தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, சிறிது சிறிதாக நீர் தருக.

உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸை, அதாவது 104 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டுதல், குழறிய பேச்சு, மனக்குழப்பம், வலிப்பு, மயக்கம் ஆகியவை வெப்பவாதத்தின் அறிகுறிகள். இது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108ஐ அழைக்க. வண்டி வரும் வரை உடலை நன்றாக நனைத்து விசிறுக. கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைக்க. நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

அடுத்த வருகையில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. கோடையில் என் மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டுமா?

2. நாளொன்றுக்கு நான் எவ்வளவு நீர் அருந்தலாம்? எந்தப் பானங்களைத் தவிர்க்க வேண்டும்?

3. எந்த அறிகுறி தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்?

இவற்றிற்கான விடைகளை ஒரு தாளில் எழுதி, வீட்டில் அனைவர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவைக்க. வரும் மழைக்காலத்தில் வாசலில் ஒரு புங்கங்கன்றையும் நடுக. தாள் இந்தக் கோடைக்குப் பயன்படும். கன்று, இனி வரும் கோடைகளில் அவ்வழியே மருத்துவமனைக்கு நடந்து செல்லும் அனைவருக்கும் பயன்படும்.