வயலுக்கு வரும் வானிலைச் செய்தி

சேத்தியாத்தோப்புப் பகுதியில் சம்பா நெல் பயிரிட்டுள்ள உழவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கவலை மிகுந்த மாதங்களாகும். மழை குறைந்தால் பயிர் வாடும்; மிகுந்தால் வெள்ளாறு பெருகித் தாழ்வான வயல்கள் மூழ்கும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், மாவட்டத்தின் முந்திரி, பலா மரங்களைச் சாய்த்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். புயலைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் இரண்டு நாள் முன்னதாகச் செய்தி கிடைத்தால் இழப்பைக் குறைக்கலாம். அச்செய்தி எப்படி உருவாகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் காண்போம்.

உலகெங்கும் ஒரே நேரத்தில் அளவீடு

காற்றுக்கும் மழைக்கும் நாட்டெல்லை கிடையாது. நம் வயலில் பெய்யும் மழைக்குக் காரணமான தாழ்வு நிலை அந்தமானுக்கு அப்பால் தோன்றியிருக்கலாம். அங்குள்ள காற்றழுத்தத்தை அறியாமல் இங்கு மழையை முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதற்காகவே 1950ஆம் ஆண்டில் உலக வானிலை அமைப்பு தோன்றியது. இதில் 190க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் உறுப்பு வகிக்கின்றன. எல்லோரும் ஒரே முறையில், ஒரே நேரத்தில் அளந்து, தகவலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் அடிப்படை விதியாகும்.

நமது நேரப்படி காலை 5.30, மாலை 5.30 மணிக் கணக்குக்காக உலகெங்கும் கருவி கட்டிய பலூன்கள் வானில் விடப்படுகின்றன. மேலே செல்லச் செல்ல வெப்பம், ஈரப்பதம், காற்றின் போக்கு ஆகியவற்றை அவை தெரிவிக்கின்றன. சென்னையும் காரைக்காலும் இந்த வலையில் அடங்கிய நிலையங்களே. கடலில் சுமார் 4,000 மிதவைக் கருவிகள் உலவுகின்றன. இவை பத்து நாட்களுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, கடல் நீரின் வெப்பத்தையும் உப்பின் அளவையும் செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. இத்திட்டத்தில் இந்தியாவும் பங்கு கொண்டுள்ளது.

வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்கென 1972ஆம் ஆண்டு தனிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. இப்போது 13 நாடுகள் இதில் உள்ளன. புது தில்லியில் உள்ள மையம் இந்நாடுகளுக்குப் புயல் பற்றிய ஆலோசனைகளை வழங்குகிறது. தானே என்பதும் மியான்மர் நாடு அளித்த பெயரே.

பசிபிக் கடலும் நம் பருவமழையும்

தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தின்போது பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்தை மீறிச் சூடேறியிருந்தன. இதையே எல் நினோ என்கிறோம். இந்திய வானிலைத் துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பல நாடுகளின் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பசிபிக் பகுதியில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் இறங்குவதையும், அங்கு இறங்கும்போது இங்கு ஏறுவதையும் கண்டறிந்தார். ஒரு நாட்டின் பதிவேட்டை மட்டும் புரட்டியிருந்தால் இவ்வுண்மை புலப்பட்டிருக்காது.

எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்புண்டு. ஆனால் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுகிறது. 2015ஆம் ஆண்டு வலுவான எல் நினோ நிலவியபோது கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்தது. எனினும் இதை மாறாத விதியாகக் கொள்ளலாகாது. 2021ஆம் ஆண்டு இதற்கு நேர்மாறான லா நினா நிலவியும் தமிழகத்தில் மழை மிகுதியாகவே பெய்தது. எனவே பருவ முன்னறிவிப்பைக் கொண்டு ரகத்தையும் விதைப்புக் காலத்தையும் பற்றி யோசிக்கலாம். அன்றாட வேலைகளுக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பே ஏற்றது.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

1. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளியிடப்படும் வேளாண் வானிலை அறிவுரையைத் தவறாமல் கேளுங்கள்.

2. கன மழை என்றால் ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிக கன மழை. அதையும் மிஞ்சினால் அதி கன மழை. ஒரு மி.மீ. மழை ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் நீராகும். ஆகவே 100 மி.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கரில் 4 லட்சம் லிட்டர் நீர் விழும். அந்நீர் வடிய வழி உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள்.

3. கன மழை எச்சரிக்கை வந்தால் யூரியா மேலுரமிடுதலையும் மருந்து தெளித்தலையும் தள்ளிப் போடுங்கள். வடிகால்களில் உள்ள புல் பூண்டுகளை அகற்றுங்கள்.

4. புயல் எச்சரிக்கையின்போது அறுவடைக்கு முற்றிய நெல்லை, ஆள் அல்லது இயந்திரம் கிடைக்கும் வரை காத்திராமல் முன்கூட்டியே ஏற்பாடு செய்து அறுத்துவிடுங்கள். வளர்ந்த கரும்பில் சோகையை முறுக்கி, அடுத்தடுத்த பார்களின் கரும்புகளைச் சேர்த்து விட்டம் கட்டுங்கள்.

5. மழைமானி ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து நோட்டில் குறித்து வாருங்கள். வானிலை நிலையங்களும் அந்நேரத்திலேயே மழையை அளக்கின்றன. அறிவிப்பில் சொன்ன மழைக்கும் உங்கள் நிலத்தில் பெய்த மழைக்கும் உள்ள வேறுபாடு சில ஆண்டுகளில் தெளிவாகும்.

உலக நாடுகள் ஒன்றுகூடித் தேடித் தரும் செய்தி வயல் வரப்பு வரை வந்து சேர்கிறது. அதைக் கேட்டுத் தக்க சமயத்தில் மண்வெட்டியைக் கையில் எடுத்தால், சம்பாப் பயிரைக் காப்பாற்றலாம்.