வாட்டர் பம்ப் ஒழுகுதா? வீட்டு வாசல்லயே மாத்தலாம்

இந்த முறை தியரி கொஞ்சம், ஸ்பேனர் வேலை நிறைய. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பை ஓட்டி, ரீடிங் எடுத்து, கிராஃப் போட்டு, ரெக்கார்டுல கையெழுத்தும் வாங்கியிருப்பீங்க. அதே பம்ப்தான் உள்ளங்கை அளவுல உங்க வீட்டுக் கார் என்ஜின் முன்னாடி சுத்திக்கிட்டு இருக்கு. அது தேஞ்சு போனா எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படி மாத்துறது? எங்க ஊர் நோணாங்குப்பத்துல மாமா வீட்டு வாசல்ல நிக்கிற பழைய பெட்ரோல் அம்பாசடரை வெச்சே சொல்றேன். பம்ப் கண்ணுக்கு நேரா வெளியில தெரியுற என்ஜின் அது. கத்துக்க அதைவிட நல்ல வண்டி கிடையாது.

பம்ப் என்ன செய்யுது?

பெட்ரோல் எரிஞ்சு வர்ற சூட்டுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கை கூலன்ட்தான் வெளிய கொண்டு போகணும். பம்ப் அந்தக் கூலன்ட்டை ரேடியேட்டரோட அடிப்பக்கம் இருந்து இழுத்து என்ஜின் பிளாக்குக்குள்ள தள்ளுது. உள்ள இருக்கிறது நாலே விஷயம்: இம்பெல்லர், ஷாஃப்ட், பேரிங், சீல். பம்ப்போட உடம்புல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், வீப் ஹோல்னு பேரு. அது சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கு. சீல் தேஞ்சு கூலன்ட் கசிஞ்சா, அது பேரிங்குக்குள்ள போகாம இந்த ஓட்டை வழியா வெளிய சொட்டும். அதனால அங்க ஒழுகுதுன்னு எம்-சீல் வெச்சு அடைக்காதீங்க. அது பம்ப் உங்களுக்குக் கொடுக்கிற எச்சரிக்கை.

போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

- ராத்திரி வண்டிக்கு அடியில அட்டை விரிச்சு வைங்க. காலையில என்ஜின் முன்பக்கத்துக்கு நேர் கீழ பச்சையாவோ துருக்கலர்லயோ கறை இருக்கான்னு பாருங்க.
- என்ஜினை அணைச்சு, பெல்ட்டைத் தளர்த்தி, பம்ப் புல்லியை ரெண்டு கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடினா பேரிங் போச்சு.
- ஓடும்போது கர்ர்னு ஒரு அரைக்கிற சத்தம், வேகம் கூட்டினா அதுவும் கூடுது. இதுவும் பேரிங்தான்.
- ஒழுகலும் இல்ல, சத்தமும் இல்ல, ஆனா சூடு ஏறுதா? எப்ப ஏறுதுன்னு கவனிங்க. டிராஃபிக்ல நிக்கும்போது மட்டும் ஏறி, கடலூர் ரோட்டுல வேகம் எடுத்தா இறங்கினா, முதல்ல ஃபேனைச் சந்தேகப்படுங்க. வேகமா போகும்போதுதான் ஏறுதுன்னா கூலன்ட் ஓட்டம் போதல: ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், இல்ல துரு தின்ன இம்பெல்லர்.

இதை அலட்சியம் பண்ணா சில ஆயிரத்துல முடியுற வேலை பல ஆயிரத்துல போய் நிக்கும். ஓவர்ஹீட் ஆனா சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும், ஆயில் பால் காபி கலருக்கு மாறும். முள் சிவப்பைத் தொட்டா ஓரம் கட்டி என்ஜினை அணைங்க. "வீடு பக்கத்துலதானே"ன்னு ஓட்டாதீங்க.

உங்க காருக்கு ஒத்துவருமா?

பம்ப்பை வெளிப்பக்க ஃபேன் பெல்ட் ஓட்டினா, பம்ப்பும் திறந்த இடத்துல இருந்தா தைரியமா இறங்கலாம். பல கார்கள்ல பம்ப் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னாடி இருக்கும், இல்ல அந்த பெல்ட்டே பம்ப்பை ஓட்டும். அங்க ஒரு பல் தப்பினாலும் டைமிங் மாறிடும். சில என்ஜின்ல வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிடும். அந்த மாதிரி வண்டியை மெக்கானிக்கிட்ட கொடுத்துட்டு, பக்கத்துல நின்னு பாருங்க. பம்ப்போட சேர்த்து டைமிங் பெல்ட்டையும் மாத்தச் சொல்லுங்க, ரெண்டு தடவை கூலி கொடுக்க வேணாம்.

அம்பாசடர் முதல் வகை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த 1489 சிசி என்ஜின்ல ஃபேனே பம்ப் மேலதான் உக்காந்திருக்கும். உத்தர்பாராவுல 2014ல தயாரிப்பு நின்னுச்சு. 2017ல பிரெஞ்சு நிறுவனம் பீஜோ அந்தப் பேரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கிடுச்சு. பாண்டிச்சேரிக்காரங்க சிரிச்சுக்கலாம்!

வேண்டியவை

புது பம்ப் (சில கடையில வாட்டர் பாடின்னு கேட்டாதான் எடுத்துத் தருவாங்க), அதுக்கான பேக்கிங், கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், ஹோஸ் கிளிப், அகலமான பேசின், ஸ்க்ரேப்பர். பழைய பெட்ரோல் அம்பாசடருக்கு இன்ச் ஸ்பேனர் செட் வேணும். மாருதி மாதிரி வண்டிக்கு 10, 12, 14 மில்லிமீட்டர். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி புது பம்ப்பைப் பழசோட படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க: போல்ட் ஓட்டை, புல்லி உக்காருற உயரம், ஹோஸ் வாய்.

வேலை

1. என்ஜின் முழுசா ஆறணும், ராத்திரி விட்டுக் காலையில செய்யுறது நல்லது. பல கார்களோட ரேடியேட்டர் மூடியில 0.9 இல்ல 1.1னு அச்சடிச்சிருக்கும், அது பார் கணக்குல அழுத்தம். 0.9 பார்ல வெறும் தண்ணியே 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. சூட்டுல மூடியைத் திறந்தா அழுத்தம் சட்டுன்னு இறங்கி, கூலன்ட் கொதிச்சுப் பொங்கி ஆவியோட முகத்துல அடிக்கும்.
2. பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. எலக்ட்ரிக் ஃபேன் இருக்கிற வண்டியில சாவி இல்லாமலே ஃபேன் சுத்த வாய்ப்பு உண்டு.
3. பேசினை அடியில வெச்சு, ரேடியேட்டர் அடிப்பக்க டேப்பைத் திறந்து கூலன்ட்டை வடிங்க.
4. ஃபேன், புல்லி போல்ட்டை பெல்ட் இழுவையில இருக்கும்போதே லேசா லூஸ் பண்ணிக்கோங்க, அப்புறம் புல்லி கூடவே சுத்தும். பிறகு டைனமோவைத் தளர்த்தி பெல்ட்டை எடுங்க. அம்பாசடர்ல ரேடியேட்டரையும் கழட்டி வெச்சா கை தாராளமா போகும்.
5. ஹோஸ்களைக் கழட்டி பம்ப் போல்ட்டை எடுங்க. போல்ட் நீளம் வேற வேறயா இருக்கலாம். அட்டையில பம்ப் படம் வரைஞ்சு, எந்த இடத்து போல்ட்டோ அங்கயே குத்தி வைங்க. நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில முறுக்கினா பிளாக்கே விரியும்.
6. ஒட்டியிருக்கிற பழைய பேக்கிங்கைச் சுத்தமா சுரண்டுங்க. இந்த வேலையில பாதி நேரம் இதுக்குத்தான் போகணும். துணுக்கு மிச்சம் இருந்தா புது பம்ப்பும் ஒழுகும். சுரண்டும்போது ஓட்டையைத் துணியால அடைச்சு வைங்க. முடிஞ்சதும் மறக்காம எடுங்க.
7. புது பேக்கிங், புது பம்ப். போல்ட்டை முதல்ல விரலால ஏத்தி, அப்புறம் எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா, மேனுவல்ல சொன்ன டார்க் அளவுக்கு முறுக்குங்க.
8. எல்லாத்தையும் திரும்ப மாட்டுங்க. பெல்ட்டோட நீளமான பக்கத்துல கட்டைவிரலால அழுத்தினா அரை இன்ச் போல இறங்கணும். ரொம்ப இறுக்கினா புது பேரிங்கை நீங்களே கொன்னுடுவீங்க.
9. டேப்பை மூடி, கூலன்ட்டை மெதுவா ஊத்துங்க. பேட்டரியை மாட்டி, மூடி திறந்தபடியே என்ஜினை ஐடிலிங்ல விடுங்க. தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகும், குமிழி வந்து மட்டம் இறங்கும். ஊத்தி நிரப்பி மூடுங்க. கை, துப்பட்டா, ஐடி கார்டு கயிறு எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

போர் தண்ணி வேணாம்

நம்ம ஊருல இதைத் தனியாவே சொல்லணும். சுண்ணாம்பாறு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். இந்த மாதிரி கடலோரத்துல போர் தண்ணி கரிக்கிறது புதுசில்ல. பாத்திரத்துல படியுற அந்த வெள்ளை உப்புதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். சூட்டை வெளிய விடாது. குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். பம்ப் சீக்கிரம் தேயுறதுக்கு அதுவும் ஒரு காரணம். டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒண்ணோட விலை பம்ப் விலைக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

பேசின்ல இருக்கிறது விஷம்

வடிச்ச கூலன்ட்ல எத்திலீன் கிளைக்கால் இருக்கும். லேசா இனிக்கும்கிறதால தெரு நாய், பூனை நக்கிடும். கிட்னி போய் செத்துடும். குழந்தைக்கும் அதே ஆபத்து. சாக்கடையிலயோ ஆத்துலயோ ஊத்தாதீங்க. மூடி போட்ட கேன்ல அடைச்சு லேபிள் ஒட்டி, பழைய ஆயிலும் கூலன்ட்டும் எடுத்துக்கிற சர்வீஸ் சென்டர்ல கொடுங்க. தரையில சிந்தினதைத் தண்ணி விட்டுக் கழுவுறதுக்கு முன்னாடி மணல் போட்டு ஒத்தி எடுங்க.

முதல் மூணு நாள் காலையில, என்ஜின் ஆறின நிலையில கூலன்ட் மட்டத்தைப் பாருங்க. அட்டையை மறுபடி விரிச்சு வைங்க. மட்டம் இறங்காம, அட்டையும் காஞ்சு இருந்தா வேலை முடிஞ்சது. கழட்டின பழைய பம்ப்பைக் காயலான் கடையில போடாதீங்க. இம்பெல்லரை ஒரு தடவை பாருங்க, தேஞ்ச ஓரம் எது, துரு தின்ன இடம் எதுன்னு. லேப் வைவாவுல இம்பெல்லர் பத்திக் கேட்டா, வாய் நிறைய பதில் சொல்லலாம்.